விண்கலத்துக்குக் கம்பியில்லா மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரத்தால் ஓடும் விண்கலங்கள் இன்று நிறையவே இருக்கின்றன. அந்த மின்சாரத்தைக் கலத்திலேயே தயாரிக்காமல், தொலைவில் ஓரிடத்திலிருந்து லேசராகவோ மைக்ரோவேவாகவோ அனுப்பிவைத்தால் என்ன? இந்த யோசனையைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் கீழே. எண்கள் கொஞ்சம் அதிகம்தான். இந்த விஷயத்தில் எண்களைத் தவிர்த்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கனவு.

மின்சாரத்தால் ராக்கெட் எப்படி ஓடும்?

எந்த ராக்கெட்டாக இருந்தாலும் எதையாவது பின்னால் எறிந்துதான் முன்னால் போகிறது. எரிபொருள் எரியும் ராக்கெட்டில் சூடான வாயு நொடிக்கு 3 முதல் 4.5 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். எரிபொருளுக்குள் இருக்கும் வேதி ஆற்றல் அவ்வளவுதான், எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் அதற்கு மேல் பிழிய முடியாது. அயனி எஞ்சினில் எரிவது எதுவும் இல்லை. செனான் போன்ற வாயுவின் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்து, அந்த அயனியை உயர் மின்னழுத்தம் கொண்ட வலைத்தகடுகள் வழியாக விரட்டுகிறார்கள். அது நொடிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் பாய்கிறது. வேகமாக எறிவதால் கொஞ்சம் பொருளே நிறைய நேரம் வரும்.

நாசாவின் டான் விண்கலம் இதற்கு நல்ல சாட்சி. 2007-ல் கிளம்பி, 2011-ல் வெஸ்டா என்ற குறுங்கோளைச் சுற்றி, அங்கிருந்து புறப்பட்டு 2015-ல் சீரிஸ் என்ற குள்ளக்கோளைச் சுற்றத் தொடங்கியது. கையில் இருந்தது 425 கிலோ செனான். அதை வைத்து அது சேர்த்த வேகம் நொடிக்கு 11 கிலோமீட்டருக்கும் மேல். எரிபொருள் ராக்கெட்டால் இந்தப் பயணத்தை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

அவ்வளவு நல்லது என்றால் குறை எங்கே?

மின்சாரம் போதவில்லை, அதுதான் குறை. 1998-ல் டீப் ஸ்பேஸ் 1 கலத்தில் பறந்த அயனி எஞ்சின் 2.3 கிலோவாட் மின்சாரத்தைக் குடித்துவிட்டுக் கொடுத்த தள்ளுவிசை 92 மில்லிநியூட்டன். பூமியில் 9 கிராம் சொச்சம் எடை அழுத்துகிற அளவு. மாதக்கணக்கில் நிறுத்தாமல் தள்ளுவதால்தான் வேகம் சேர்கிறது.

வெளியேறும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் பொருள் மிச்சமாகும். ஆனால் அதே தள்ளுவிசைக்கு இரண்டு மடங்கு மின்சாரம் தேவைப்படும். இதில் பேரத்துக்கு இடமே இல்லை. மின்சாரம் வருவதோ சூரியனிடமிருந்து. பூமியருகே ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் விழும் வெயில் வியாழனில் 50 வாட் ஆகிவிடுகிறது. 2023 அக்டோபரில் கிளம்பிய சைக்கி கலத்தின் பேனல்கள் பூமிக்கு அருகே 20 கிலோவாட் தரக்கூடியவை. அது போய்ச் சேர வேண்டிய குறுங்கோளில் அதே பேனல்கள் தரப்போவது 2 கிலோவாட் பக்கம்தான்.

பேனலைப் பெரிதாக்கலாமே? அணு உலை வைக்கலாமே?

இரண்டையும் செய்யலாம், ஆனால் இரண்டும் எடை. தள்ளுவிசைக்காகச் சேர்த்த மின் நிலையத்தைச் சுமக்கவே அந்தத் தள்ளுவிசையில் பெரும்பங்கு போய்விடும். அணு உலையென்றால் கதிர்வீச்சுத் தடுப்பும், கழிவு வெப்பத்தை வெளியேற்றும் பெரிய ரேடியேட்டரும் கூடவே வரும். 1965-ல் அமெரிக்கா ஸ்னாப்-10ஏ என்ற உலையைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது. அதனுடன் ஒரு சின்ன அயனி எஞ்சினும் போனது, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அந்தச் சோதனை முடிந்துபோனது. வியாழனின் நிலவுகளுக்கு உலையோடு போகவிருந்த ஜிமோ திட்டம் 2005-ல் கைவிடப்பட்டது.

மின்சாரத்தைக் கற்றையில் அனுப்பலாம் என்ற வாதம் இங்கேதான் தொடங்குகிறது. மின்சார ரயில் அனல் மின் நிலையத்தை முதுகில் சுமந்துகொண்டு ஓடுவதில்லை, நிலையம் எங்கோ இருக்கிறது, கம்பி வழியாக மின்சாரம் வருகிறது. விண்வெளியில் கம்பிக்குப் பதில் ஒளிக்கற்றை. எடை அதிகமான பகுதி வீட்டிலேயே இருக்கும், பழுதானால் சரிசெய்யலாம், அடுத்த கலத்துக்கும் அதையே திருப்பிவிடலாம்.

கம்பியில்லாமல் மின்சாரம் நிஜமாகவே போகுமா?

போகும், அதில் சந்தேகமே வேண்டாம். 1964-ல் வில்லியம் பிரவுன் என்ற அமெரிக்கப் பொறியாளர் மைக்ரோவேவ் கற்றையால் ஒரு சின்ன ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து சுமார் 18 மீட்டர் உயரத்தில் 10 மணி நேரம் நிற்கவைத்தார். பேட்டரியும் இல்லை, எரிபொருளும் இல்லை. மைக்ரோவேவை நேரடியாக மின்சாரமாக்கும் ரெக்டெனா என்ற ஆண்டெனாவும் அவர் கைவண்ணம்தான். 1975-ல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி 30 கிலோவாட்டுக்கு மேல் வாங்கிக் காட்டினார்கள்.

லேசர் பக்கம் வந்தால், 2009-ல் நாசா நடத்திய போட்டியில் ஒரு சின்ன இயந்திரம் தரையிலிருந்து வந்த லேசர் ஒளியை மட்டும் தின்றுவிட்டு, ஹெலிகாப்டரில் தொங்கிய கேபிளில் ஒரு கிலோமீட்டர் வாக்கில் ஏறியது. 2025-ல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா 8.6 கிலோமீட்டர் தாண்டி 800 வாட்டுக்கு மேல் 30 நொடி அனுப்பியது. விண்வெளிக்குள்ளேயே செய்த சோதனை மிகச் சின்னது. 2023-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் அனுப்பிய மேப்பிள் கருவி, ஓர் அடி தூரத்தில் இருந்த விளக்குகளை மைக்ரோவேவால் எரியவைத்தது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: கற்றையில் வந்த மின்சாரத்தால் தன் எஞ்சினை ஓட்டிய விண்கலம் இதுவரை ஒன்றுகூட இல்லை.

மைக்ரோவேவா, லேசரா?

என் பதில் லேசர். எந்தக் கற்றையும் போகப் போக விரியும், இயற்பியலில் இதை விளிம்பு விளைவு என்பார்கள். எவ்வளவு விரியும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: அலைநீளம், தூரம், அனுப்பும் கண்ணாடி அல்லது ஆண்டெனாவின் அகலம். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, அகலத்தால் வகுத்து, 2.44-ஆல் பெருக்கினால் போய்ச்சேரும் இடத்தில் விழும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கலத்துக்கு 12 சென்டிமீட்டர் அலைநீள மைக்ரோவேவை 100 மீட்டர் ஆண்டெனாவால் அனுப்பினால் வட்டம் 3 கிலோமீட்டர். அதே தூரத்துக்கு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீள லேசரை வெறும் ஒரு மீட்டர் கண்ணாடியால் அனுப்பினால் வட்டம் இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடும். மைக்ரோவேவுக்கு மேகம் தடையில்லை, கருவியும் மலிவு. விண்வெளியிலிருந்து தரைக்கு அனுப்பும் சூரிய மின் நிலையத் திட்டங்கள் அதை விரும்புவது அதனால்தான், தரையில் பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஆண்டெனா விரிக்க இடம் உண்டு. விண்கலத்தில் ஏது அந்த இடம்?

லேசரையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. ஒரு மீட்டர் கண்ணாடியிலிருந்து சந்திரனுக்குப் போனால் வட்டம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டராகிவிடும். பத்து மீட்டர் கண்ணாடி இருந்தால் 94 மீட்டர். கோள்களுக்கு இடையே போக வேண்டுமென்றால் கண்ணாடியின் அகலத்தை மீட்டரில் சொல்லிப் பயனில்லை, கிலோமீட்டரில்தான் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் வரும் எந்த அறிவிப்பைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஓர் அகலத்தைத்தான். அது சொல்லப்படவில்லை என்றால் மேற்கொண்டு படிக்க அவசரமில்லை.

கிலோமீட்டர் அகலத்தில் யாராவது திட்டம் போட்டிருக்கிறார்களா?

போட்டிருக்கிறார்கள். டானின் அயனி எஞ்சின் வேலையில் முக்கியப் பங்கு வகித்த ஜான் பிராபி, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்திலிருந்து 2017-ல் ஒரு கருத்துரு கொடுத்தார். விண்வெளியில் 10 கிலோமீட்டர் அகல லேசர் அணி, 100 மெகாவாட் ஒளி. கலத்தில் அந்த லேசரின் நிறத்துக்கென்றே செய்த மெல்லிய பேனல், அதிலிருந்து 70 மெகாவாட் மின்சாரம். அது நேரே லித்தியம் அயனி எஞ்சினுக்குப் போகிறது. அயனி வெளியேறும் வேகம் நொடிக்கு சுமார் 570 கிலோமீட்டர், டானைப் போலப் பதினெட்டு மடங்குக்கும் மேல்.

செனானை விட்டுவிட்டு ஏன் லித்தியம்? லேசான அணுவை அந்த வேகத்துக்கு விரட்ட 12 ஆயிரம் வோல்ட் போதும். செனானின் எடைக்கு அதே வேகம் வேண்டுமென்றால் இரண்டு லட்சம் வோல்ட்டைத் தாண்டிவிடும். பன்னிரண்டாயிரம் வோல்ட்டைப் பேனலிலேயே தொடர் இணைப்பில் எடுத்துவிடலாம் என்பது கணக்கு. அப்படி எடுத்தால் நடுவே மின்னழுத்தத்தை உயர்த்தும் கனமான கருவிகள் வேண்டாம். படிக்கும்போது லேசரின் பிரமாண்டம்தான் கண்ணில் படும். எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்தது இந்த எடைக் குறைப்புதான்.

ஒளியளவைப் பாருங்கள். இந்த லேசர் புளூட்டோ தூரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் வட்டமாக விழும், சதுர மீட்டருக்குச் சராசரியாக 60 வாட். அங்கே சூரியன் தருவது ஒரு வாட்டுக்கும் குறைவு. அதாவது சூரியனைவிட ஏறக்குறைய 70 மடங்கு பிரகாசம், வட்டத்தின் நடுவில் இன்னும் அதிகம். பூமியைவிட்டு நன்றாக விலகிய பிறகு வெயிலும் லேசரும் ஒரே விகிதத்தில்தான் மங்குகின்றன, அதனால் இந்த 70 மடங்கு எங்கே போனாலும் கூடவே வரும்.

பலன் என்ன? பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 500 மடங்கு தொலைவை 12 ஆண்டில் தொடுவது. வாயேஜர் 1 தன் இன்றைய வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 140 ஆண்டு ஆகும். புளூட்டோவை 3.6 ஆண்டில் அடைந்து, அங்கேயே சுற்றுப்பாதையில் நிற்பது. 2006-ல் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் ஒன்பதரை ஆண்டு பறந்தும் புளூட்டோவில் நிற்க முடியாமல் கடந்து போனது நினைவிருக்கும்.

லேசரை எதற்கு மின்சாரமாக்க வேண்டும்? ஒளியாலேயே கலத்தைத் தள்ளலாமே?

அடிக்கடி வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஒளிக்கும் தள்ளும் சக்தி உண்டு. கப்பலின் பாய் போல ஒரு கண்ணாடிப் பாய் கட்டி 100 மெகாவாட் லேசரை முழுவதுமாக அதில் அடித்துத் திருப்பினால் கிடைக்கும் விசை 0.67 நியூட்டன். அதே லேசரை 70 மெகாவாட் மின்சாரமாக்கி, மேலே சொன்ன லித்தியம் எஞ்சினில் விட்டால் 200 நியூட்டனுக்கு மேல் வரும். முந்நூறு மடங்கு! ஒளியின் வேகம் மிக அதிகம் என்பதால் ஒரே ஆற்றலுக்கு அது தரும் உந்தம் மிகக் குறைவு. அணுக்கள் நிதானமாகப் போவதால் அதே ஆற்றலுக்கு நிறையத் தள்ளுகின்றன. செலவும் அதிகமில்லை, நொடிக்கு அரை கிராமுக்கும் குறைவான லித்தியம்தான்.

இன்னொரு வசதி திசை. பாயை லேசர் தனக்கு எதிர்ப்பக்கமாகத்தான் தள்ளும், போன இடத்தில் பிரேக் போட வழியில்லை. அயனி எஞ்சின் மின்சாரத்தை எந்தப் பக்கத்திலிருந்து வாங்கினாலும் புகையை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். புளூட்டோவில் நிற்க முடிவது இதனால்தான்.

நட்சத்திரத்துக்கே போக வேண்டும் என்றால் மட்டும் கதை மாறும். 2016-ல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் என்ற திட்டம் ஒளிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டப் பார்த்தது. அந்த வேகத்துக்கு 570 கிலோமீட்டர் வெளியேற்றம் எந்த மூலைக்கு? கிராம் கணக்கில் எடையுள்ள பாயும் 100 கிகாவாட் வாக்கில் லேசரும்தான் அங்கே வழி. சூரிய மண்டலத்துக்குள் அயனி, அதற்கு வெளியே பாய் என்று பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை.

சாதாரண சோலார் பேனலில் லேசர் அடித்தால் போதுமா?

போதும். வெயிலில் வேலை செய்வதைவிட நன்றாகவே வேலை செய்யும். வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. பேனலின் குறைகடத்திக்கு ஒத்துவராத நிறங்கள் வீணாகவோ வெப்பமாகவோ போய்விடும். அதனால்தான் விண்வெளியின் விலையுயர்ந்த பேனல்கள்கூட 30 சதவீதத்தைச் சுற்றியே நிற்கின்றன. லேசர் ஒரே நிறம், அதற்கேற்ற பொருளைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பகுதி மின்சாரமாகிவிடும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம் 2021-ல் காலியம் ஆர்சனைடு செல்லில் 68.9 சதவீதம் காட்டியது.

மிச்சமுள்ள வெப்பம்தான் தலைவலி. நூறு மீட்டர் நீள அகலமுள்ள பேனலில் 100 மெகாவாட் விழுந்து 30 சதவீதம் வெப்பமானால், இரண்டு பக்கமும் நன்றாக வெப்பம் உமிழ்ந்தும் பேனல் 130 டிகிரியில்தான் நிலைக்கும். சூடாகச் சூடாக செல்லின் திறன் குறையும். ஆக பேனல் எவ்வளவு தாங்கும் என்பதே கற்றையின் அடர்த்திக்கு உச்சவரம்பு.

அனுப்பும் பக்கத்தில் வீணாவதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. லேசர் தன் மின்சாரத்தில் பாதியை வெப்பமாக்கினாலும் அந்த எடையைக் கலம் சுமக்கப்போவதில்லை.

கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் கலத்தை எப்படிக் குறிவைப்பது?

கலம் இருந்த இடம் ஒளியாக நம்மை வந்தடைய நேரமாகும், நாம் அனுப்பும் கற்றை போய்ச்சேர இன்னொரு மடங்கு நேரமாகும். பூமி-சூரிய தூரத்தில் இருந்தால் மொத்தம் 16 நிமிடத்துக்கு மேல். அதற்குள் வேகமான கலம் ஒரு லட்சம் கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். நல்லவேளை, விண்வெளியில் யாரும் சட்டென்று திரும்புவதில்லை. பாதையைக் கணக்கிட்டு, அது வரப்போகும் இடத்தைப் பார்த்து அடிக்கலாம்.

இதில் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்துவிட்டது. சைக்கி கலத்தில் பொருத்திய லேசர் தகவல் தொடர்புக் கருவியை நோக்கி, கலிஃபோர்னியாவின் டேபிள் மவுண்டனிலிருந்து வழிகாட்டி லேசரை அடித்தார்கள். கலம் அதைப் பிடித்துக்கொண்டு, பூமியில் உள்ள பாலோமர் தொலைநோக்கி பின்னர் நகர்ந்து வந்திருக்கும் இடத்தைக் கணித்து லேசரைத் திருப்பி அனுப்பியது. 2024 டிசம்பரில் 49 கோடி கிலோமீட்டர் வரை இது எட்டியது. அது தகவல், இது மின்சாரம். ஆனாலும் முன்கூட்டிக் குறிவைக்கும் வித்தை ஒன்றுதான். கஷ்டம் கூடுவது துல்லியத்தில்: பூமி-சூரிய தூரத்தில் பத்து கிலோமீட்டர் லேசரின் 37 மீட்டர் வட்டத்தைக் கலத்தின் மேல் நிறுத்த வேண்டுமென்றால், ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்கு விலகினாலே இலக்கு தப்பிவிடும்.

இது ஆயுதமாகிவிடாதா?

ஆகலாம். புளூட்டோவில் விளக்கேற்றும் கண்ணாடி, பக்கத்துச் செயற்கைக்கோளைப் பொசுக்கவும் போதும். 1967-ன் விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதங்களையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடுக்கிறது. லேசரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பொறியியலில் ஒரு பாதுகாப்பு உண்டு: கலத்திலிருந்து வரும் வழிகாட்டி ஒளி இருந்தால் மட்டுமே அணியின் ஆயிரக்கணக்கான லேசர்கள் ஒரே தாளத்தில் சேரும்படி வடிவமைக்கலாம், வழிகாட்டி நின்றால் கற்றை சிதறிவிடும். ஆனால் கட்டியவரே நினைத்தால் அந்தப் பூட்டைக் கழற்றலாம் அல்லவா? பத்து கிலோமீட்டர் லேசருக்குப் பணத்தைவிட அரசியல்தான் பெரிய தடையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

நடுவழியில் கற்றை நின்றுபோனால்?

கலம் விழுந்துவிடாது, தள்ளுவதுதான் நிற்கும். ஆனால் போக வேண்டிய இடம் தவறும். இதற்கு நிஜ உதாரணம் புதனுக்குப் போகும் பெப்பிகொலம்போ. 2024 ஏப்ரலில் அதன் அயனி எஞ்சின்களுக்கு வரும் மின்சாரம் குறைந்தது, கற்றையெல்லாம் கிடையாது, சொந்தப் பேனல் பக்கத்துக் கோளாறுதான். பாதையையே மாற்றி வரைந்தார்கள், 2025 டிசம்பரில் சேர வேண்டியது 2026 நவம்பருக்குத் தள்ளிப்போனது. கற்றையை நம்பும் கலத்துக்கு அடிப்படைத் தேவைகளுக்காவது சொந்த மின்சாரம் இருந்தே ஆக வேண்டும்.

சரி, இதெல்லாம் எப்போது நடக்கும்?

பத்து கிலோமீட்டர் லேசரை இப்போதைக்கு மறந்துவிடலாம். அதற்கு உள்ளே போக வேண்டிய மின்சாரம் மட்டுமே 200 மெகாவாட்டைத் தொடும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பழைய பெரிய பேனல்கள் எல்லாம் சேர்ந்து தந்தது 120 கிலோவாட்டுக்குள்.

முதலில் நடக்கப்போவது பூமிக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ள கலம் ஒவ்வொரு சுற்றிலும் அரை மணி நேரத்துக்கு மேல் பூமியின் நிழலில் கிடக்கிறது. மின் உந்துவிசையால் மெல்ல மெல்ல உயரும் கலத்துக்கு அது முழுக்க வீணான நேரம். ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 இப்படிச் சுற்றிச் சுற்றிச் சந்திரனைச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நிழலில் ஒரு லேசர் அடித்தால், அல்லது வெயிலில் இருக்கும்போதே அதே பேனலுக்குக் கூடுதல் ஒளி கொடுத்தால், மாதங்கள் மிச்சமாகும். சில நூறு கிலோமீட்டர்தான் தூரம், ஒரு மீட்டர் கண்ணாடியே போதும், கலத்தில் புதிதாக எதையும் மாட்ட வேண்டியதில்லை. இந்த வழியில் சில தனியார் நிறுவனங்கள் இறங்கியும்விட்டன. ஃபுளோரிடாவின் ஸ்டார் கேச்சர் 2025-ல் ஜாக்சன்வில்லின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளியனுப்பிச் சோதித்தது. பதினான்கு நாள் இருட்டில் உறையும் சந்திரத் தளத்துக்கு லேசர் மின்சாரம் என்ற யோசனையும் நாசாவின் ஜெஃப்ரி லாண்டிஸ் போன்றவர்களால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டுவருகிறது.

இஸ்ரோ இதில் எங்கே இருக்கிறது?

கற்றையில் இன்னும் இல்லை, மின் உந்துவிசையில் உண்டு. 2017 மே மாதம் ஏவிய ஜிசாட்-9 செயற்கைக்கோளில் மின் உந்துவிசை முதல்முறையாகப் பறந்தது. 2025 மார்ச்சில் 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா எஞ்சினை 1000 மணி நேரம் ஓட்டிச் சோதித்து முடித்ததாக இஸ்ரோ அறிவித்தது. அதற்கு வேண்டிய மின்சாரம் 5.4 கிலோவாட்.